பழைய வாகனத்தின் நம்பர் பிளேற்: எந்தக் கோளாறு, எங்கே திருத்துவது

தகடு விழுந்தாலோ உடைந்தாலோ முதலில் கடையைத் தேட வேண்டாம், வாகனப் பதிவுச் சான்றிதழான சீ.ஆர். புத்தகத்தை எடுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய கார், ஜீப், உழவு மெசின் வைத்திருப்பவர்கள் நம்பர் பிளேற் கோளாறு என்று கொண்டு வருபவை பலவற்றில் தகரத்தை மாற்றினால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். மிச்சத்தில் நோய் இருப்பது புத்தகத்தில். அதைப் பார்க்காமல் தகட்டை மட்டும் புதிதாக்கினால், அடுத்த சோதனைச்சாவடியில் அதே கேள்வி திரும்பி வரும்.

உங்கள் தகடு எந்தத் தலைமுறை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மருந்து அதைப் பொறுத்தே மாறும்.

இலங்கையில் வாகனத்தின் பதிவு எண் கை மாறினாலும் மாறாது. அதனால் ஒரே வீதியில் நாலு தலைமுறைத் தகடுகளும் ஓடுகின்றன. மிகப் பழையவை சீ.ஈ., சீ.வை., சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துக்களில் தொடங்கும். அடுத்து 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 1980களின் முடிவு வரை வந்த சிங்கள ஸ்ரீ நம்பர்கள். அதன் பின் 1990களின் டாஷ் நம்பர்கள், அதாவது 17- அல்லது 300- என்று நடுவில் கோடு போட்டவை. கடைசியாக, 2000 அளவில் தொடங்கி இன்று வரை வரும் ஆங்கில எழுத்துத் தகடுகள்: அரச இலச்சினை, ஒளி தெறிக்கும் மேற்பரப்பு, முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள்.

முதல் மூன்றுக்கும் ஊர்க் கடையில் தகடு எழுதுவிப்பதே நடைமுறை. நாலாவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மட்டுமே தரலாம். அதை ஸ்டிக்கர் கடையில் அச்சடித்து ஒட்டினால், நம்பர் சரியாக இருந்தாலும் அது போலித் தகடு.

முன் தகட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது

மாரி தொடங்கினால் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. நீர் நிற்கும் வீதியில் வாகனம் முன்னே போகும்போது பம்பருக்கு முன்னால் அலை ஒன்று எழும்பும். அது தகட்டின் கீழ் விளிம்பில் மோதி மேலே மடக்கும். இரண்டு போல்ற்றில் மட்டும் தொங்கும் தகடு ஓட்டையோடு கிழிந்து போகும். ஓட்டுபவருக்குச் சத்தமே கேட்காது. வீடு வந்த பிறகுதான் தெரியும்.

செய்ய வேண்டியவை இந்த ஒழுங்கில்:

1. அதே நாளில் அல்லது அடுத்த நாள் காலையில் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். தொலைந்தது முன் தகடா, பின் தகடா, இரண்டுமா, எந்தப் பகுதியில் ஓடியபோது, எப்போது கவனித்தீர்கள் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். "நம்பர் பிளேற் தொலைந்தது" என்று மொட்டையாக எழுதினால் திணைக்களத்தில் திரும்பவும் கேட்பார்கள்.

2. கையெழுத்து வைக்கும் முன் பதிவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். நம்பர், செசி நம்பர் (வாகனத்தின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்), சொந்தக்காரரின் பெயர் மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்ரீ வாகனமானால் 'ஸ்ரீ' என்ற சொல் பதிவில் கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

3. முறைப்பாட்டின் பிரதியை எடுத்து, இரண்டு நிழற்பிரதி போட்டு, ஒன்றை வாகனத்தில் வையுங்கள்.

4. பழைய மூன்று தலைமுறைகளில் ஒன்றென்றால் நேராகத் தகடு எழுதும் கடைக்குப் போகலாம். புதிய தகடென்றால் பதிவுச் சொந்தக்காரரின் விண்ணப்பம், அடையாள அட்டை, சீ.ஆர்., முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றோடு திணைக்களத்துக்கு. மிஞ்சியிருக்கும் மற்றத் தகட்டையும் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். உடைந்த தகடானால் துண்டுகளை எறிய வேண்டாம், ஒப்படைக்கக் கேட்பார்கள்.

திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்டிக்கு இரவு பஸ் ஏறும் முன் 1919 அரசாங்கத் தகவல் மையத்துக்கு எடுத்து, கட்டணம் எவ்வளவு, முன்பதிவு வேண்டுமா, மாவட்ட அலுவலகத்திலேயே ஒப்படைக்க முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். தமிழில் பேசலாம். ஒரு கடதாசி குறைந்ததற்காகக் கொழும்பிலிருந்து வெறுங்கையோடு திரும்புவது இங்கிருந்து போகிறவருக்கு இரண்டு நாள் நட்டம்.

புதிய தகடு வரும் வரை ஓடலாமா என்றால், முறைப்பாட்டுப் பிரதி தகட்டுக்குப் பதில் ஆகாது. தகடு இல்லாமல் ஓடுவதற்கு அது அனுமதியும் அல்ல. வேறு வழியில்லை என்றால் அதே நம்பரை, அதே நிறத்தில், தெளிவான எழுத்தில் எழுதித் தற்காலிகமாகப் பொருத்தி, முறைப்பாட்டுப் பிரதியையும் திணைக்களப் பற்றுச்சீட்டையும் கையில் வைத்துத் தேவைக்கு மட்டும் ஓடுங்கள். அப்போதும் மறிக்கும் அதிகாரியின் முடிவுதான். 2025இல் தகட்டுத் தட்டுப்பாடு வந்து புதிதாய்ப் பதிந்த வாகனங்கள் தற்காலிகத் தகட்டோடு ஓடியதைக் காட்டி வாதாட வேண்டாம். அந்தச் சலுகை அவற்றுக்குரியது.

திரும்பவும் போகாமலிருக்க, தகட்டுக்குப் பின்னால் அதே அளவில் 3 மில்லிமீற்றர் அலுமினியப் பலகை அல்லது மேலும் கீழுமாக இரண்டு பட்டை இரும்பு வைத்து நாலு மூலையிலும் இறுக்குங்கள்.

தகடு ஆடுகிறது, போல்ற் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஊர் இது. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று ஏ4 வீதி முழுக்க உப்புக் காற்று. அலுமினியத் தகட்டை இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் போல்ற்றால் நேரடியாக இறுக்கினால், உப்பு ஈரம் நடுவில் நின்று இரண்டு உலோகத்துக்கும் இடையில் மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். கரைவது எப்போதும் அலுமினியம்தான். வெள்ளைப் பொடி அதன் ஒட்சைட்டு. ஓட்டை மெல்ல மெல்லப் பெரிதாகிக் கடைசியில் போல்ற் தலையே ஊடாக வந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். தீராது. போல்ற் மட்டும் பளபளவென்று இருக்கும், தகடு தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு உலோகமும் தொடாமல் பார்ப்பதே மருந்து: போல்ற்றின் தலைக்குக் கீழும் தகட்டுக்குப் பின்னும் நைலோன் அல்லது ரப்பர் வாசர், ஓட்டைக்குள் சின்ன பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு, நட்டில் கொஞ்சம் கிறீஸ். சைக்கிள் வால்வு ரியூப் ஒரு துண்டு வெட்டினாலே குழாய்க்குப் போதும்.

போல்ற் அடிக்கடி தளர்ந்தால் அளவைப் பாருங்கள். ஜப்பான் கார்களுக்கு 6 மில்லிமீற்றர் போல்ற். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற ஆங்கிலக் கார்களுக்குக் கால் அங்குல யு.என்.எஃப். போல்ற், அதாவது 6.35 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 28 புரி. கால் அங்குலப் புரிக்குள் 6 மில்லிமீற்றர் போல்ற் போவதுபோலப் போகும், இறுகுவதுபோல இறுகும். ஒரு மண் வீதி ஓடினால் கழன்றுவிடும். ஹாட்வெயாரில் "கால் அங்குல ஃபைன்" என்று கேட்டு வாங்குங்கள்.

பெயின்ற் தோல் தோலாக உரிகிறது

ஸ்ரீ, டாஷ் தகடுகளுக்கு உரியது இந்தப் பகுதி. ஊரில் எழுதும் தகடு ஒரே மழைக்குள் உரிந்தால் குற்றம் பெயின்றில் இருப்பது குறைவு. வெறும் அலுமினியத்தில் சாதாரண இனாமல் பிடிக்காது. மேல் தோல் காய்ந்து நல்லதுபோலத் தெரியும். வெயிலில் தகடு விரிந்து சுருங்கும்போது விளிம்பில் தூக்கும், அதற்குள் தண்ணீர் போகும், பிறகு நகத்தால் இழுத்தாலே ஓர் எழுத்து முழுதாக வரும்.

கடைக்காரரிடம் இப்படிச் சொல்லிச் செய்வியுங்கள். சுமார் 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு. அதைவிட மெல்லியது காற்றுக்கே மடங்கும். மூலைகளை உருட்டி விளிம்பை அராவ வேண்டும். கூர் விளிம்பில் பெயின்ற் நிற்காது, அங்கிருந்துதான் உரிவு தொடங்கும். 400 நம்பர் மணல் கடதாசியால் தண்ணீர் போட்டுத் தேய்த்து, காயவிட்டு, தின்னரால் துடைக்க வேண்டும். அதன் பிறகு கை படக் கூடாது. அலுமினியத்துக்கான அடிப்பூச்சான வொஷ் பிறைமர் மெல்லிதாக ஒரு பூச்சு. இதைத்தான் நேரம் மிச்சம் பிடிக்கத் தவிர்க்கிறார்கள். அதன் மேல் இனாமல் இரண்டு பூச்சு, இடையில் நன்றாகக் காய விட்டு. எழுத்தை வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டுவதானால் பெயின்ற் குறைந்தது ஒரு முழு நாள் காய்ந்திருக்க வேண்டும். ஈர இனாமலில் ஒட்டிய ஸ்டிக்கர் கொப்புளிக்கும்.

அளவுக்கும் எழுத்தின் உயரத்துக்கும் பழைய தகட்டையே அச்சாகக் கொடுங்கள். அது இல்லையென்றால் உங்கள் காலத்து வேறொரு வாகனத்தின் தகட்டை அளந்து கொடுங்கள். நிறத்தில் புதுமை வேண்டாம். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், கறுப்பு எழுத்து என்பதே இன்று வீதியில் பொலிஸாரின் கண் பழகியது.

ஸ்ரீ எழுத்து சிங்களத்தில்தான் இருக்க வேண்டும். இந்த எழுத்தை எதிர்த்து வடக்கு கிழக்கில் பெரும் போராட்டமே நடந்தது, தகட்டில் தமிழ்ச் சிறீயை எழுதி ஓடியவர்களும் உண்டு. அந்த நினைவு வீட்டில் இருக்கலாம், தகட்டில் இருப்பது பதிவேட்டில் உள்ளதாகவே இருக்க வேண்டும். இளம் ஸ்டிக்கர்க் கடைக்காரர் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்று ஆங்கிலத்தில் அடித்துத் தருவார், அல்லது ஒரு கோடு போட்டுத் தருவார். வாங்காதீர்கள். கோடு போட்டால் என்ன ஆகும் என்பது கீழே காப்புறுதி பற்றிய பகுதியில்.

உழவு மெசின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: மெசின் பின்னால் இழுக்கும் பெட்டிக்குத் தனிப் பதிவு. மெசினின் நம்பரை இரண்டாவது தகடாக எழுதிப் பெட்டியின் பின்னால் தொங்கவிடுவது சரியாகாது. நெல்லும் மணலும் ஏற்றி இறக்கும்போது பின் கதவில் பொருத்திய தகடு முதலில் சுரண்டுப்படும். கதவுக்குக் கீழே சட்டத்தில் பொருத்துங்கள்.

பின் தகட்டு லைற் எரியவில்லை

தகடு எவ்வளவு அழகாக இருந்தாலும் இரவில் வாசிக்க முடியாவிட்டால் மறிப்பார்கள். பழைய காரில் இதைப் பார்க்கும் ஒழுங்கு:

பல்ப்பைக் கழற்றிப் பாருங்கள். 12 வோல்ற், 5 வாற்று, பலவற்றில் அவ்வளவுதான். இழை அறுந்திருந்தால் மாற்றுங்கள். பல்ப் நல்லதென்றால் பல்ப் பிடியைப் பாருங்கள். பச்சை அல்லது வெள்ளைத் துரு இருந்தால் மெல்லிய மணல் கடதாசியால் தேய்த்து வசலின் தடவுங்கள்.

அப்படியும் இல்லையா, பார்க் லைற்றைப் போட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பல்ப் பிடியின் வயர் முனையிலும் மற்றதைப் பற்றரியின் எர்த் முனையிலும் வைத்து அளவுங்கள். பற்றரி வோல்ற்றுக்குக் கிட்ட வந்தால் வயர் நல்லது, எர்த் கெட்டது. வராவிட்டால் வயரைப் பின்தொடருங்கள். ஆங்கிலக் கார்களில் பார்க், ரெயில், நம்பர் பிளேற் லைற்றுகளுக்குப் போவது சிவப்பு வயர், எர்த் கறுப்பு. டிக்கிக்குள் தோட்டா வடிவ இணைப்புகள் இருக்கும். நீர் படும் இடம் அது, முதலில் அங்கே பாருங்கள்.

எர்த் சரியா என்று அறிய, லைற் எரியும் நிலையில் மீற்றரின் ஒரு முனையை லாம்பின் உடலிலும் மற்றதைப் பற்றரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் துரு. பம்பரை ஸ்பிறே பெயின்ற் அடித்துத் திரும்பப் பூட்டிய வாகனங்களில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் லாம்ப் எர்த் எடுப்பதே பம்பர் வழியாகத்தான். தனியாக ஒரு கறுப்பு வயரை செசிக்கு இழுத்துவிட்டால் என்றைக்கும் தொல்லையில்லை.

எல்.ஈ.டி. பல்ப் போட்டு எரியவில்லை என்று குழம்புகிறவர்கள் பற்றரியைப் பாருங்கள். டைனமோ வைத்த மொறிஸ், ஒஸ்ரின் கார்களில் உடலோடு சேர்வது பொசிற்றிவ். சாதாரண எல்.ஈ.டி. ஒரு திசையில் மட்டும் எரியும். அந்தக் காரில் அது ஊமை. இழை பல்ப் போடுங்கள், அல்லது இரு திசையிலும் எரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பொலிஸ் மறித்து எழுத்தைக் குறை சொல்கிறது

சாய்வெழுத்து, வளைந்த எழுத்து, நம்பரை இழுத்து ஒரு பெயர்போல வாசிக்க வைப்பது, புகைநிறக் கண்ணாடி மூடி, கடையின் பெயர் பெரிதாய் உள்ள சட்டம், கீழே வட்டமாகக் கட்சிக் கொடியோ சாமிப் படமோ. இவற்றில் எதற்கும் வாதாடி வெல்ல முடியாது. கழற்றுங்கள். மூடியும் சட்டமும் தகட்டின் ஒரு எழுத்தின் ஓரத்தைக்கூட மறைக்கக் கூடாது. புதிய தகட்டை வெட்டி, மடித்து, பைக்குக்கு ஏற்பச் சின்னதாக்குவதும் இதே குற்றம்தான்.

அடையாளத் தகட்டுக் குற்றம் உடனடித் தண்டச்சீட்டுப் பட்டியலில் உள்ளது. சீட்டுத் தந்தால் தபாலகத்தில் 14 நாளுக்குள் கட்டுங்கள். கட்டிய பற்றுச்சீட்டைக் கொடுத்துச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப்போட்டால் தொகை இரட்டிக்கும், அதற்குப் பிறகு நீதிமன்றம். தண்டம் கட்டியதால் தகடு சட்டபூர்வமாகிவிடாது, அடுத்த சந்தியில் இன்னொரு சீட்டு வரலாம்.

காப்புறுதியில் ஒரு நம்பர், வருமான அனுமதிப்பத்திரத்தில் இன்னொரு நம்பர்

ஸ்ரீ வாகனக்காரர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. '15 ஸ்ரீ' என்று தொடங்கும் நம்பரும் '15-' என்று தொடங்கும் நம்பரும் ஒன்றல்ல. இரண்டு வேறு வரிசை, இரண்டு வேறு வாகனம், இரண்டு வேறு சொந்தக்காரர். கணினியில் தட்டும் பிள்ளைக்கு ஸ்ரீ என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். இடத்தை நிரப்ப ஒரு கோடு போட்டுவிடுவார். அந்த நொடியில் நீங்கள் காசு கட்டிக் காப்புறுதி எடுத்தது வேறெங்கோ ஓடும் ஒரு காருக்கு.

எப்படித் தெரியவரும்? பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போகும்போது "காப்புறுதி காட்டவில்லை" என்பார்கள். அல்லது புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கணினியில் வராது. இணையத்தில் புதுப்பிக்கப் பார்த்தால் வாகனமே இல்லையென்று சொல்லும், அல்லது அதைவிட மோசமாக, வேறு வகை வாகனம் ஒன்றைக் காட்டும். இதில் எதுவும் நடக்காமல் வருடங்கள் ஓடி, ஒரு விபத்தின் பிறகு இழப்பீடு கேட்கும்போது தெரிய வந்தால்தான் ஆபத்து.

திருத்தும் வழி: சீ.ஆர். புத்தகத்தில் நம்பர் எப்படி எழுதியிருக்கிறதோ அதை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். அதன் கீழே செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும். இந்தத் தாளைக் காப்புறுதி, புகைப் பரிசோதனை, பிரதேச செயலகம் மூன்றிலும் நீட்டி, திரையில் அடித்ததைக் காட்டச் சொல்லி, செசி நம்பரின் கடைசி நாலு இலக்கத்தை ஒப்பிடுங்கள். நம்பர் பிளேற் ஏமாற்றினாலும் செசி நம்பர் ஏமாற்றாது. பிழை இருந்தால் அச்சடித்த சான்றிதழில் பேனாவால் திருத்த விட வேண்டாம், கணினியில் திருத்திப் புதிதாக அச்சடித்து வாங்குங்கள். ஒழுங்கு முக்கியம்: முதலில் காப்புறுதி, பிறகு புகைச் சான்றிதழ், கடைசியில் அனுமதிப்பத்திரம். ஏனென்றால் மூன்றாவது முதல் இரண்டிலிருந்தும் எடுக்கிறது.

புத்தகத்திலேயே நம்பர் அழிந்தோ கறையானரித்தோ போயிருந்தால், ஊகிக்க வேண்டாம். திணைக்களத்திலிருந்து பதிவு விபரப் பிரதி எடுங்கள்.

திணைக்களம் தகடு தர மறுக்கிறது

இங்கேதான் பழைய வாகனங்களின் முழு வரலாறும் மேசைக்கு வருகிறது. காரணம் அநேகமாகக் கீழே உள்ளவற்றில் ஒன்று. சிலவேளை எல்லாமும்.

*புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர் அல்ல.* "ஓப்பன் பேப்பர்" என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு நாலைந்து கை மாறிய வாகனம். தகட்டுக்கான விண்ணப்பத்தைப் பதிவுச் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் வாகனத்தை எத்தனை வருடம் ஓடினாலும் அந்த மேசைக்கு அந்நியர். முதலில் பெயர் மாற்றம். விற்றவர் ஒப்பமிடுவது எம்.ரீ.ஏ. 8 படிவம், வாங்குபவர் நிரப்புவது எம்.ரீ.ஏ. 6 படிவம். உடைமை மாறியதை விற்றவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், நம் ஊரில் அது 14 வருடமாகி இருக்கும். பழைய படிவத்தில் மங்கிய கையெழுத்தை நம்பிக் கொழும்புக்குப் போகாதீர்கள். ஆள் உயிரோடு இருந்தால் தேடிப்பிடித்து, இன்றைய அடையாள அட்டைப் பிரதியோடு புதிய படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். அவர் வெளிநாட்டில் என்றால், அங்குள்ள இலங்கைத் தூதரகம் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் வேண்டிவரும். ஒரு சட்டத்தரணியிடம் வாசகத்தைச் சரிபார்த்தே அனுப்புங்கள்.

*சொந்தக்காரர் இறந்துவிட்டார்.* போரிலும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் ஆளையும் ஆவணத்தையும் ஒன்றாகப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். மரணச் சான்றிதழ், உறவுமுறையைக் காட்டும் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், மற்ற வாரிசுகளின் சம்மதம், கிராம சேவகர், பிரதேச செயலாளரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். நீதிமன்றம் வரை போக வேண்டுமா, சத்தியக் கடதாசியோடு முடியுமா என்பது சொத்தையும் வாரிசுகளையும் பொறுத்தது. வாரிசுகளில் ஒருவர் பின்னர் மறுத்தால் மாற்றிய பெயரும் சிக்கலாகும், எனவே எல்லோரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

*பெயர் ஒன்றுதான், எழுத்து வேறு.* பழைய புத்தகத்தில் முதலெழுத்தும் தகப்பன் பெயரும் ஒரு விதமாக, அடையாள அட்டையில் வேறு விதமாக. ஆங்கிலத்தில் ஒரு எச் கூடியிருந்தாலும் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசியும் கிராம சேவகர் கடிதமும் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 9 இலக்க அட்டை, புதிய 12 இலக்க அட்டை இரண்டும் இருந்தால் இரண்டின் பிரதியையும் இணையுங்கள்.

*முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதிக் கம்பனி.* லீசிங் முடிந்து இருபது வருடமாகியிருக்கலாம், பெயரை நீக்க யாரும் போயிருக்க மாட்டார்கள். கம்பனியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கம்பனி வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைத்துக்கொண்ட கம்பனிதான் தர வேண்டும்.

*எஞ்சின் நம்பர் பொருந்தவில்லை.* பெற்றோல் மொறிஸுக்கு ஜப்பான் எஞ்சின், ஜீப்புக்கு டீசல் எஞ்சின். ஓட்டத்துக்கு நல்லது, புத்தகத்துக்கு வேறு வாகனம். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டோடு மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். எரிபொருள் வகை மாறியிருந்தால் அதையும், நிறம் மாறியிருந்தால் அதையும் ஒரே விண்ணப்பத்தோடு முடிக்கப் பாருங்கள். பரிசோதகர் பார்க்கும் முன் செசி நம்பர் உள்ள இடத்தைத் தேடிச் சுத்தம் செய்யுங்கள். ஆனால் துணி, மண்ணெண்ணெய், மென்மையான தூரிகை மட்டும். கிறைண்டரோ கம்பித் தூரிகையோ பட்டால் ஒரு இலக்கம் அழிந்துபோகும், பிறகு அழித்தவர் நீங்கள்தான் என்று ஆகும். வெள்ளைக் கடதாசியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவும் எடுத்து வையுங்கள்.

*செசி நம்பரே பொருந்தவில்லை.* நில்லுங்கள். இது திருத்தும் பிழையா, அல்லது யாரோ ஒரு செத்த வாகனத்தின் புத்தகத்தையும் தகட்டையும் இன்னொரு உடலில் ஏற்றியதா என்பது முதலில் தெரிய வேண்டும். இரண்டாவதென்றால் அது திருட்டு வாகனமாகவும் இருக்கலாம். புதிய தகடு கேட்டு விண்ணப்பிக்க முன் சட்டத்தரணியைப் பாருங்கள். "புத்தகம் மட்டும் விற்பனைக்கு" என்று ஊரில் யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தகட்டில் என்.ஈ. அல்லது டபிள்யூ.பி. என்று இருக்கிறது

வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்த காலத்துத் தகடுகளில் என்.ஈ. இருக்கும். 2007இல் பிரிந்த பின் வந்தவற்றில் ஈ.பி. கொழும்பிலிருந்து வாங்கிய காரில் டபிள்யூ.பி. இந்த எழுத்துக்கள் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் மாகாணத்தைக் குறிப்பவை. பதிவு நம்பர் அவற்றுக்குப் பின்னால் வருவதுதான். முன்பு வேறு மாகாணத்துக்கு மாற்றும்போது தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023இல் புதிய தகடுகளிலிருந்து மாகாண எழுத்தே எடுக்கப்பட்டது. ஆகவே அந்த எழுத்துக்காக மட்டும் நல்ல தகட்டைக் கழற்றிக்கொண்டு ஓட வேண்டாம். பெயின்றால் எழுத்தை மறைப்பதோ ஈ.பி. ஸ்டிக்கர் ஒட்டுவதோ நல்ல தகட்டைக் கெட்டதாக்கும் வேலை.

போகாத ஊரிலிருந்து தண்டச்சீட்டு வருகிறது

இரண்டு வாய்ப்பு. ஒன்று, மேலே சொன்ன ஸ்ரீ, டாஷ் குழப்பம். சீட்டில் வாகனத்தின் வகையும் நிறமும் எழுதியிருந்தால் பாருங்கள். உங்களுடையது கறுப்பு ஒஸ்ரின், அங்கே வெள்ளை வான் என்றால் விசயம் புரிந்துவிடும். சீ.ஆர். பிரதியோடு அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

மற்றது, உங்கள் நம்பரை வேறொருவர் பொருத்தி ஓடுகிறார். தகடு தொலைந்தபோது முறைப்பாடு பதியாமல் விட்டவர்களுக்கு இது வரும். வெள்ளம் கொண்டுபோன தகடு யார் கையில் கிடைத்தது என்று யாருக்குத் தெரியும்? இப்போதாவது முறைப்பாடு போடுங்கள். அந்தத் திகதியில் உங்கள் வாகனம் எங்கே நின்றது என்பதற்குக் கராஜ் பற்றுச்சீட்டு, எரிபொருள் பற்றுச்சீட்டு, அயலவர் வாக்குமூலம் எது இருந்தாலும் இணையுங்கள். திணைக்களத்துக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். உங்கள் தகடு, செசி நம்பர், எஞ்சின் நம்பர், வாகனத்தின் நாலு பக்கம் எல்லாவற்றையும் திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். சீட்டைத் தொல்லை தீரட்டும் என்று கட்டிவிடாதீர்கள். கட்டினால் அந்த இடத்தில் ஓடியது நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.